பிட்டி தியாகராயர்: வண்ணாரப்பேட்டை வியாபாரி, நாற்பது வருட மாநகராட்சிக்காரர்

கேள்வி இதுதான்: தி.நகருக்குப் பெயர் தந்த பிட்டி தியாகராயர் அடிப்படையில் தொழிலதிபரா, அரசியல்வாதியா? முதல் மந்திரி பதவி வீடு தேடி வந்தும் ஏன் வேண்டாம் என்றார்?

பிராமணரல்லாதாரின் அரசியல் கட்சியான நீதிக்கட்சியில் இருந்து தொடங்கி அவரைப் படிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. மேடைகளிலும் பாடப்புத்தகங்களிலும் 1916-லிருந்துதான் அவர் கதை ஆரம்பிக்கும். அப்போது அவருக்கு வயது 64. அதற்கு முன்பிருந்த வாழ்க்கை ஒரு வரியில் முடிந்துவிடும்: 'செல்வந்தர் குடும்பத்தில் பிறந்தார்.' கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1852-ல் பிறந்து 1925-ல் மறைந்தவர். கட்சித் தலைவராக இருந்தது கடைசி எட்டொன்பது வருடம். சென்னை மாநகராட்சியில் இருந்தது 1882 தொடங்கிச் சுமார் நாற்பது வருடம். வியாபாரம் ஆயுள் முழுக்க. என்னைக் கேட்டால் அவர் முதலில் வடசென்னை வியாபாரி, அப்புறம் மாநகராட்சிக்காரர், மூன்றாவதாகத்தான் கட்சித் தலைவர். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கான விடையும் இந்த வரிசையில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வடசென்னை. இன்றைக்கு வண்ணாரப்பேட்டை என்றால் எம்.சி. சாலையின் ஜவுளிக் கடைகளும் மெட்ரோவும் நினைவுக்கு வரும். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அந்தப் பக்கம் முழுக்கத் துணியைச் சுற்றித்தான் பிழைப்பு. ஏற்றுமதிக்குப் போகும் துணியை வெளுக்கவும் சாயம் போடவும் ஆட்களைக் குடியேற்றிய இடம் அது. கொஞ்சம் வடக்கே திருவொற்றியூர் பக்கம் போனால் காலடிப்பேட்டை. காலெட் என்ற கவர்னர் 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களுக்காக உண்டாக்கிய ஊர். சென்னைக்குக் கும்பினி வந்ததே துணிக்காகத்தான் என்பதால் நெசவாளரும் வண்ணாரும் சாயக்காரரும், வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துத் தரகு பேசிய துபாஷிகளும் கோட்டைக்கு வடக்கே அடுத்தடுத்துக் குடியேறினார்கள். தியாகராயர் குடும்பம் தெலுங்கு பேசும் தேவாங்கர் சமூகம், அதாவது பரம்பரை நெசவாளர்கள். பிட்டி என்பது குடும்பப் பெயர்.

குடும்பத்துக்கு நெசவு மட்டும் இல்லை, தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்புக் காளவாய் என்று பல தொழில்கள் இருந்தன. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் கவனியுங்கள். நிலம் வாங்கி வாரத்துக்கு விட்டு உட்கார்ந்து சாப்பிடுகிற சொத்து இதில் எதுவும் இல்லை. எல்லாமே கூலியாட்கள், மூலப்பொருள், தண்ணீர், வண்டி, துறைமுகம் என்று தினமும் தலைவலி தருகிற தொழில்கள். தோல் ஷாப்புக்கு ஏராளமாகத் தண்ணீர் வேண்டும், கழிவை எங்கே விடுவது என்று பதிலும் சொல்லியாக வேண்டும். காளவாய்க்குப் புகை. உப்புக்கு அரசாங்க வரி. இப்படி ஒருவர் நகராட்சி விவகாரங்களுக்குள் வருவதில் ஆச்சரியமே இல்லை. சாக்கடை அவருக்குத் தொழில் பிரச்சினை.

படிப்பு மாநிலக் கல்லூரியில். 1876-ல் பி.ஏ. முடித்தார். அந்தக் காலத்தில் பட்டம் வாங்கிய பிராமணரல்லாத இளைஞர்கள் சொற்பம். பட்டம் வாங்கினால் அடுத்தது சர்க்கார் உத்தியோகம், இல்லாவிட்டால் சட்டப் படிப்பு என்பதுதான் வழக்கம். அவர் வீட்டுத் தொழிலுக்கே திரும்பினார்.

நெசவில் அவர் செய்தது தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய குழித்தறியில் நெசவாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும். அந்த இடைவெளியில் ஊடை நூல் சுற்றிய நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கை எட்டும் தூரம்தான் துணியின் அகலம். ஐரோப்பாவில் 18-ம் நூற்றாண்டிலேயே வேறு முறை வந்துவிட்டது. கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், நாடா பெட்டிக்குப் பெட்டி தானாக ஓடும். ஒரு கை மிச்சம், வேகமும் கூடுதல், அகலத் துணியும் நெய்யலாம். இந்தத் தறியைத் தன் நெசவுக்கூடத்தில் போட்டவர் தியாகராயர். ஏறத்தாழ நூறு கைத்தறிகள் ஒரே கூரையின் கீழ் ஓடிய கூடம் அது. மாகாணத்தின் தொழில் துறையில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதே தறியைப் பரப்ப ரொம்ப மெனக்கெட்டார். பல ஊர்களில் நெசவாளர்கள் அதை ஏற்கத் தயங்கினார்கள். ஒரே கூரையின் கீழ் மணி அடித்து வேலை வாங்குவதும் வீட்டுத் தறிக்காரர்களுக்குப் பழக்கமில்லாதது. வெளியே இருந்து வந்த அதிகாரி சொல்வதற்கும் அதே சாதிக்காரர் தன் பணத்தைப் போட்டு ஓட்டிக் காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

மான்செஸ்டர் துணி சந்தையைப் பிடித்து கைத்தறி நசிந்துகொண்டிருந்த காலம் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சுதேசி என்பது மற்றவர்களுக்குக் கொள்கை, அவருக்கு அன்றாட வரவு செலவு. காங்கிரசில் அவர் பல வருடம் இருந்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் அவரை 'வெள்ளைக்காரன் ஆள்' என்று திட்டியவர்களில் பாதிப் பேராவது அவரைவிட அதிகமாக மில் துணி உடுத்தியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். இது என் ஊகம், ஆனால் பெரிய தப்பு இருக்காது.

வியாபாரிகளுக்கு அவர் செய்த நிரந்தரமான வேலை தென்னிந்திய வர்த்தகச் சபை. சென்னையில் 1836 முதலே ஒரு வர்த்தகச் சபை இருந்தது, ஆனால் அது ஐரோப்பியக் கம்பெனிகளின் சபை. துறைமுகக் கட்டணம், ரயில் சரக்குக் கட்டணம், வரி என்று எந்த விஷயத்திலும் அரசாங்கத்தின் காதுக்கு எட்டுவது அவர்கள் குரல்தான். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி திவாலானது. ஓய்வூதியக்காரர்கள், கோயில் பணம் போட்டவர்கள், சில்லறை வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கான பேர் போட்ட பணம் போயிற்று. அந்த அடியில்தான் இந்தியர்களுக்கென்று சொந்தமாக வங்கி வேண்டும் என்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. இரண்டு வருடம் கழித்து, 1909-ல், இந்திய வணிகர்களுக்கான சபை. அதன் முதல் தலைவர் தியாகராயர். பத்து வருடத்துக்கும் மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். நீதிக்கட்சி இன்னும் பிறக்காத 1909-லேயே நகரத்து இந்திய வணிகர்கள் தங்கள் தலைவராக அவரை ஏற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சரி, மாநகராட்சி. அவர் உள்ளே போன 1882 வாக்கில் சென்னையின் மக்கள்தொகை நாலு லட்சத்துச் சொச்சம். செங்குன்றம் ஏரியிலிருந்து 1872 முதல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆனால் திறந்த கால்வாயில். வழியில் மாடு குளிக்கும், துணி துவைக்கப்படும், வடிகட்டாமல் அப்படியே குழாய்க்கு வரும். கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டியும் நீரேற்று நிலையமும் 1914-ல்தான் வேலை செய்யத் தொடங்கின. அதாவது அவர் உறுப்பினராகி முப்பது வருடம் கழித்து. காலரா ஒவ்வொரு வருடமும் வந்து போகிற விருந்தாளி. சாக்கடை வேலை எப்போது தொடங்கினாலும் ஜார்ஜ் டவுனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் கடைசியாகத்தான் வரும், காசு தீர்ந்துபோயிருக்கும். இந்தக் கடைசி வரியை இன்றைய வடசென்னைக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.

ஓட்டுரிமை வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும். சபையில் ஒரு பகுதியினர் அரசாங்கம் நியமித்தவர்கள். 1904 சட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். வட்டங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவோர் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு வெள்ளைக்கார வர்த்தகச் சபைக்கும் மற்ற அமைப்புகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். தலைவர் நாற்காலியில் எப்போதும் ஒரு அதிகாரி. இந்த அமைப்புக்குள் இருந்துகொண்டு வருடக்கணக்காகப் பேசி, ஒரு தெருவிளக்குக்கும் ஒரு குழாய்க்கும் தீர்மானம் போட்டுக்கொண்டிருப்பதற்கு ஒரு தனிப் பொறுமை வேண்டும். பொதுவாக வக்கீல்கள் மாநகராட்சியை ஒரு படியாக வைத்து ஏறி சட்டசபைக்குப் போய்விடுவார்கள். தியாகராயர் அங்கேயே இருந்தார்.

அங்கே அவருக்கு நெடுநாள் எதிராளி ஒருவர் உண்டு: டாக்டர் டி.எம். நாயர். பாலக்காட்டுக்காரர், எடின்பரோவில் படித்த காது மூக்கு தொண்டை நிபுணர், திருவல்லிக்கேணியின் உறுப்பினர். நாக்கில் சவுக்கு வைத்திருந்தவர். எதையும் சுகாதாரக் கண்ணால் பார்ப்பார். தியாகராயரோ பக்தர், சம்பிரதாயம் பார்ப்பவர், கோயில் காரியங்களுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். பார்த்தசாரதி கோயில் குளம் சம்பந்தமான விவாதத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். பின்னாளில் ஒரே கட்சியின் இரு தூண்கள் என்று பாடப்புத்தகம் சொல்கிற இவர்கள் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போனதே குறைவு.

இருவரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்த பெருமை டாக்டர் சி. நடேச முதலியாருக்கு. திருவல்லிக்கேணியில் பிராமணரல்லாத மாணவர்களுக்கு அவர் நடத்திய 'திராவிடர் இல்லம்' என்ற விடுதி எளிமையான முயற்சி, ஆனால் தேவை எங்கே இருந்தது என்பதை அது காட்டியது. வெளியூரிலிருந்து படிக்க வரும் பையனுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கிடைக்காது. ஓட்டல்களில் சாதி பார்த்துப் பந்தி. கல்லூரியில் இடம் கிடைத்தாலும் நகரத்தில் ராத்திரி படுக்க இடமில்லை. 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எதிராஜ முதலியார் வீட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்ற நீதிக்கட்சியின் தொடக்கம் அது. அடுத்த மாதமே தியாகராயர் கையெழுத்தோடு பிராமணரல்லாதார் அறிக்கை வெளிவந்தது.

அந்த அறிக்கையைப் படித்தால் ஒன்று தெரியும். உணர்ச்சிப் பேச்சு குறைவு, எண்கள் அதிகம். 1914-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர், 124 பேர் பிராமணரல்லாத இந்துக்கள், 74 பேர் மற்றவர்கள் என்று நேராகக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறது. வரவு செலவுப் புத்தகம் எழுதிப் பழகியவர்களின் கை அதில் தெரிகிறது. அதே கையோடு ஒரு கம்பெனி தொடங்கி, பங்கு விற்றுப் பணம் திரட்டி, பத்திரிகைகள் நடத்தினார்கள். ஆங்கிலத்தில் 'ஜஸ்டிஸ்' 1917 பிப்ரவரி 26-ல் வந்தது. தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகை'. கட்சிக்கு மக்கள் வைத்த பெயரே அந்த ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வந்ததுதான்.

இவ்வளவு காலம் காங்கிரசில் இருந்தவர் ஏன் பிரிந்தார் என்பதற்கு ஒரு கதை நிறையச் சொல்லப்படும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தவரைக் கீழே உட்கார வைத்துவிட்டு, அவரிடம் சம்பளம் வாங்கும் பிராமண ஊழியரை மேடையில் ஏற்றினார்கள் என்பது. மேடைக்கு மேடை இதன் விவரங்கள் மாறும். இது காரணமாக இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை, அவமானம் யாருக்கும் சுடும். ஆனால் ஒரே ஒரு அவமானத்தால் ஒரு கட்சி பிறந்தது என்று சொன்னால் முப்பது வருட மாநகராட்சி அனுபவத்தையும், 650-க்கு 452 என்ற கணக்கையும் கீழே தள்ளிவிடுகிறோம். கதை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் காரணம் ஆகிவிடாது.

நாயர் 1919-ல் லண்டனில் இறந்துபோனார். கட்சிப் பாரம் முழுக்கத் தியாகராயர் தலையில் விழுந்தது. 1920 தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63 நீதிக்கட்சிக்கு. கவர்னர் வில்லிங்டன் ஆட்சி அமைக்கத் தியாகராயரை அழைத்தார். அவர் மறுத்து, கடலூர் சுப்பராயலு ரெட்டியாரைக் கைகாட்டினார். 1920 டிசம்பரில் ரெட்டியார் முதல் மந்திரியானார். உடல்நிலை காரணமாக அவர் விலக, 1921 ஜூலையில் பனகல் ராஜா அந்தப் பதவிக்கு வந்தார்.

ஏன் மறுத்தார்? தியாகம் என்று ஒரே சொல்லில் முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில விஷயங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வயது 68. இன்னொன்று, இரட்டை ஆட்சி முறையில் மந்திரிகளுக்குக் கிடைத்தது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மட்டும். பணமும் போலீசும் வருவாயும் கவர்னரின் நிர்வாகக் குழு கையில். வேலை மந்திரிக்கு, சாவி வேறொருவருக்கு. முக்கியமாக, 1919-ல் வந்த புதிய மாநகராட்சிச் சட்டம் தலைவரைச் சபையே தேர்ந்தெடுக்க வழி செய்தது. முப்பத்தெட்டு வருடம் காத்திருந்த நாற்காலி அது. அதிகாரி அல்லாத, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக அதில் உட்கார்ந்தவர் தியாகராயர். ரிப்பன் மாளிகையில் அவர் கையெழுத்துப் போட்டால் ஒரு பள்ளிக்கூடம் திறக்கும். மந்திரியாகப் போனால் கோப்பு நிதித் துறையில் தூங்கும். ஒரு வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? கட்சித் தலைமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மந்திரிகளை யார் ஆக்குவது என்பதில் அவர் வாக்கு எடுபட்டது. பதவியைத்தான் விட்டார், பிடியை விடவில்லை.

மாநகராட்சித் தலைவராக அவர் செய்ததில் மதிய உணவுதான் எனக்கு முக்கியமானது. 1920 செப்டம்பர் 16 அன்று வந்த தீர்மானம் ரொம்பச் சின்னது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு மதியம் சிற்றுண்டி தருவது, செலவு ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது. சபையில் தலைவர் சொன்ன விளக்கமும் நேரடியானது: அங்கே படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், அதனால் வருகை ரொம்பக் குறைகிறது. அவ்வளவுதான். ஓரணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. நூறு பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஆறேகால் ரூபாய். மாநகராட்சி வரவு செலவில் இது ஒரு தூசு, ஆனால் முன்னுதாரணம் இல்லாத தூசு. பள்ளிக்கூடத்தின் வேலை பாடம் சொல்வது, சோறு போடுவது வீட்டின் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம்.

திட்டம் ஐந்து பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்திலும் சேர்த்து 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671. இரண்டே வருடத்தில் இரட்டிப்புக்கும் மேல். இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா? ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசாங்கம் ஆட்சேபித்தது. 1925 ஏப்ரல் 1 முதல் நிறுத்தினார்கள். தணிக்கைக்காரர்களின் பார்வையில் அது சரியாகவே இருந்திருக்கும், சட்டப் புத்தகத்தில் இட்லிக்குத் தலைப்பு இல்லையே. கவனித்தீர்களா, அப்போது மாகாணத்தில் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியேதான். சாவி வேறொருவரிடம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். 1927-ல் மாநகராட்சி திரும்பவும் தொடங்கியது, இந்த முறை 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு. காமராஜர் காலத்து 1956 திட்டம், எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவு, 2022-ல் வந்த காலை உணவு எல்லாம் அளவில் பல மடங்கு பெரியவை. தியாகராயர் 'தொடங்கி வைத்தார்' என்று நேர்கோடு இழுப்பது மிகை. ஆனால் சோறு போட்டால் பிள்ளை வரும் என்று இந்த ஊரில் எண்ணிக்கையோடு முதலில் காட்டியது அந்த ஐந்து பள்ளிகள்.

உடை விஷயத்தையும் கேட்பீர்கள். 'வெள்ளுடை வேந்தர்' என்ற பட்டம் சும்மா வரவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, அங்கவஸ்திரம், தலைப்பாகை, இதுதான் எப்போதும். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது மாநகராட்சித் தலைவர் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் இவர். ஐரோப்பிய உடையில் வர வேண்டும் என்பது சம்பிரதாயம். தன் உடையை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை, அரசாங்கம்தான் விட்டுக்கொடுத்தது. வெள்ளை உடையிலேயே போய் வரவேற்றார். இதைத் தேசிய எதிர்ப்பாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஒத்துழையாமை இயக்கத்தார் அந்த வருகையைப் புறக்கணித்து நகரத்தில் கலவரமே நடந்துகொண்டிருந்தது, இவர் வரவேற்பில் நின்றார். ராஜ விசுவாசமும் வேட்டியும் அவருக்கு ஒன்றோடொன்று முட்டவில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது பிறந்தநாள் மலர் ஆகிவிடும். 1921-ல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் மோதல், தீ வைப்பு, துப்பாக்கிச் சூடு. அந்த நேரத்தில் நீதிக்கட்சி ஆதிதிராவிடர்களோடு நிற்கவில்லை, அரசாங்கம் அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்று குறைப்பட்டது. கட்சியில் இருந்த ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா 1923-ல் வெளியேறினார். பிராமணரல்லாதார் எல்லோருக்கும் பேசுகிறோம் என்ற கட்சி, அடித்தட்டில் இருந்தவர்களிடம் வந்தபோது சாதி இந்துக்களின் கட்சியாகவே நடந்துகொண்டது. தலைவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு தியாகராயருக்கும் உண்டு. மந்திரி பதவிகள் தெலுங்கு பேசுவோருக்கே போகின்றன, கட்சிக்கு அடித்தளம் போட்ட நடேச முதலியாருக்கு ஒன்றும் இல்லை என்ற தமிழ் உறுப்பினர்களின் மனக்குறையும் நியாயமானது. 1923 தேர்தலில் கட்சியின் பலம் குறைந்தது. அந்த நவம்பரில் பனகல் ராஜா மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து 65-க்கு 44 என்று தோற்றது. பெண்களுக்கு ஓட்டுரிமை, சர்க்கார் வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி அரசாணை என்று 1921-ல் அந்த ஆட்சி செய்தவை பெரியவைதான், ஆனால் அவற்றின் பெருமை முக்கியமாக மந்திரிகளுக்கும் சட்டசபைக்கும் போக வேண்டும்.

கடைசியாகத் தி.நகர். மாம்பலத்துப் பக்கம் மவுண்ட் ரோட்டை ஒட்டி நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு நீண்ட ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, இடநெருக்கடியைச் சமாளிக்க அந்த ஏரியைத் தூர்த்து மனைகள் பிரிக்கும் வேலை 1923 வாக்கில் தொடங்கியது. குடியிருப்புக்குத் தியாகராயர் பெயர் வைத்தார்கள். மழைக்காலத்தில் தி.நகர் தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம், அது ஏரி. இந்த ஒரு விஷயத்தில் அன்றைய நகரத் தந்தைகள் எல்லோரையும் சேர்த்தே குறை சொல்லலாம்.

அங்கே தெருப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் நீதிக்கட்சியின் வருகைப் பதிவேடு கையில் கிடைத்துவிடும். பனகல் பூங்கா தெரிந்ததே. உஸ்மான் சாலை முகமது உஸ்மான் பெயரில். அவரும் மாநகராட்சித் தலைவராக இருந்தவர், பின்னாளில் தற்காலிகக் கவர்னராகவும் ஆனார். டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா, வகுப்புவாரி உரிமைக்காகச் சட்டசபையில் பேசிய தணிகாசலம் செட்டியார் பெயரில் ஒரு சாலை. பாண்டி பஜார் என்று வாய்க்கு வந்தபடி அழைக்கப்படுவது பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் வந்த அங்காடி. ஜி.என். செட்டி சாலையைத் தியாகராயர் சாலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அது கோபதி நாராயணசாமி செட்டியார், வேறு ஆள். பாண்டி பஜார் கடைகள் இருக்கும் சாலைக்குத்தான் சர் தியாகராயர் சாலை என்று பெயர். சிலையைப் பார்க்க வேண்டுமென்றால் ரிப்பன் மாளிகை வளாகத்துக்குப் போங்கள். அவர் பெயரில் கல்லூரி இருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில், 1950-லிருந்து.